முதல் போணிக்கு முன்னால்: கைவினைச் சந்தையில் ஸ்டால் போடப் போகிறவர்களுக்கு

என் முதல் ஸ்டாலில் கண்ணாடி இல்லை. காதில் மாட்டும் பொருளை விற்க உட்கார்ந்தவள், மாட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி கொண்டுபோகவில்லை. வந்தவர்கள் ஜிமிக்கியை எடுத்துக் காதருகே பிடித்து, கூட வந்தவரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டார்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால் வியாபாரம் அதோடு முடிந்தது. சிலர் செல்போன் கேமராவில் முகம் பார்க்கப் போனார்கள். போனைத் திறந்ததும் ஏதோ மெசேஜ் கண்ணில் பட, அதைப் படித்துக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்கள். 140 ஜோடி கொண்டுபோனேன். இரண்டு நாளில் விற்றது 11 ஜோடி.

நான் செய்வது சுடுமண் நகை. மதுரையில், வீட்டு மொட்டைமாடியில் செய்கிறேன். களிமண், கடத்துக்குப் பேர்போன மானாமதுரைப் பக்கத்திலிருந்து வருகிறது. நீங்கள் குரோஷே பின்னுகிறவராக இருக்கலாம், பனையோலைப் பெட்டி முடைகிறவராக, துணிப்பை தைக்கிறவராக இருக்கலாம். பொருள் மாறினாலும் ஸ்டாலில் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்.

எங்கே ஸ்டால் போடுவது

கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தனியார் நடத்தும் தீபாவளிக் கண்காட்சி, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, கல்லூரி வளாகம், திருவிழாவை ஒட்டிய பொருட்காட்சி, அரசு நடத்தும் விற்பனைக் கண்காட்சி என்று இடங்கள் பல. ஒவ்வோர் இடத்துக்கும் வருகிற ஆள் வேறு, கையில் இருக்கும் காசு வேறு. கல்லூரியில் 100 ரூபாயைத் தாண்டினாலே "அய்யோ அக்கா" என்பார்கள். ஆனால் ஒருத்தி வாங்கிவிட்டால் அவள் வகுப்பே பின்னால் வரும். அடுக்குமாடியில் 600 ரூபாய் செட்டை யோசிக்காமல் எடுப்பார்கள், ஆனால் கீழே இறங்கி வருகிறவர்களே ஐம்பது அறுபது பேர்தான். பொருட்காட்சியில் கூட்டம் நெரியும். ராட்டினமும் டெல்லி அப்பளமும் போக பர்ஸில் மிஞ்சுவதுதான் நமக்கு.

நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால், தனியார் கண்காட்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்தில் ஒரு நடை கேட்டுவிடுங்கள். 1983-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுப் பெண்களுக்காகக் கல்லூரிச் சந்தைகளை நடத்துகிறது. மாவட்டங்களில் குழுக்களின் பொருட்களை விற்கும் பூமாலை வணிக வளாகங்கள் உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் விற்பனைக் கண்காட்சிகள் நடக்கும். வெளிமாநிலக் குழுக்களும் வந்து கலந்துகொள்ளும் சரஸ் மேளாவும் இருக்கிறது. எல்லாருக்கும் எல்லாத் தடவையும் இடம் கிடைத்துவிடாது. அதனால்தான் சீக்கிரம் போய்ப் பெயரைச் சொல்லி வைக்கச் சொல்கிறேன்.

தனியார் கண்காட்சி என்றால் முதல் தடவை வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள். வாசலில் அரைமணி நேரம் நின்று, வெளியே வருகிறவர்களின் கைகளைப் பாருங்கள். பத்துப் பேரில் நாலு பேர் கையில் பை இருந்தால் அது சந்தை. பத்துப் பேரும் வெறுங்கையோடு பஜ்ஜி தின்றுகொண்டு வந்தால் அது பொழுதுபோக்கு. உள்ளே போய் ஸ்டால் போட்டவர்களிடமும் பேசுங்கள். "போன தடவை வாடகை எடுத்தீங்களா?" என்று கேட்டால் போதும், பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துகிறவரிடம் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை ஸ்டால், என் மாதிரிப் பொருளோடு எத்தனை பேர், மேசையும் நாற்காலியும் வாடகையில் அடக்கமா, பிளக் பாயின்ட் உண்டா, மழை வந்தால் என்ன, ரத்தானால் பணம் திரும்ப வருமா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். ஒருமுறை "சுடுமண் நகை நீங்க மட்டும்தான் மேடம்" என்று வாயால் சொன்னதை நம்பிப் போனேன். என்னோடு சேர்த்து ஐந்து ஸ்டால். இரண்டு நாளும் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடத்தியவர் போனையே எடுக்கவில்லை.

காகித வேலை, சுருக்கமாக

இதை நினைத்தே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் நாமே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்கிறவர்களிடம் ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்கிறவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வெளிமாநிலக் கண்காட்சிக்குப் போவதானால் விதிகள் வேறு, கிளம்பும் முன் ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் தரும் அடையாள அட்டையை நாங்கள் ஆர்ட்டிசன் கார்டு என்போம். காந்தி சில்ப் பஜார் போன்ற அரசுக் கண்காட்சிகளுக்கு விண்ணப்பிக்க அது வேண்டும்.

மூன்று பொருட்களில் மட்டும் கூடுதல் கவனம். வீட்டில் செய்த தின்பண்டம், பொடி, ஊறுகாய் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள், தயாரிக்கவே உரிமம் வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்து விற்கும் பொம்மைக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. மரப்பொம்மை, துணிப்பொம்மை செய்கிறவர்கள் ஆர்ட்டிசன் கார்டை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை: எல்லாரும் சறுக்கும் இடம்

"மண்ணுதானே, என்ன செலவு?" என்று வாடிக்கையாளர் கேட்பதில் தப்பில்லை. அதையே நாமும் நமக்குள் சொல்லிக்கொண்டு விலை போடுவதுதான் தப்பு. நானும் முதலில் ஒரு ஜோடி 100 ரூபாய் என்று வைத்தேன். கண்ணுக்குத் தெரிகிற செலவு கால்வாசிதான், மீதி எல்லாம் லாபம் என்று நினைப்பு. அப்புறம் ஒரு நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நடுத்தர அளவு ஜிமிக்கி ஒரு ஜோடிக்கு என் கணக்கு இது.

மண் 4 ரூபாய், பெயின்டும் வார்னிஷும் 6, கொக்கியும் கம்பியும் 8, சுடுகிற செலவு 3, அட்டையும் கவரும் 5. ஆக 26. உருட்டி வடிவம் கொடுக்க, தேய்க்க, வண்ணம் தீட்ட, கோக்க எல்லாம் சேர்த்து 40 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு 90 ரூபாய் என்று என் கூலியை வைத்தேன், அதில் 60 வருகிறது. இதுவரை 86. பத்தில் ஒன்று சூளையிலோ கைதவறியோ போகும், அதற்கு 9. இப்போது 95. இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ஸ்டால் வாடகை 3,000, போக வர ஆட்டோ 600, இரண்டு நாள் சாப்பாடு டீ 200 என்று 3,800 ரூபாய் இருக்கிறதே, அதை யார் தருவார்கள்? 80 ஜோடி விற்கும் என்று வைத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் கிட்டத்தட்ட 47 ரூபாய். அடக்கம் 142.

அதை 100 ரூபாய்க்கு விற்றால் என்ன ஆகும்? கூலியை விட்டுவிட்டுக் கைச்செலவை மட்டும் (பொருள் 26, உடைவதில் போகும் பொருள் 3, ஸ்டால் 47) கழித்தால் 24 ரூபாய் மிஞ்சும். 40 நிமிட வேலைக்கு 24 ரூபாய். அதுவும் 80 விற்றால்தான். 11 விற்றவளின் கணக்கை நான் போட்டே பார்க்கவில்லை.

இப்போது அந்த ஜிமிக்கி 180 ரூபாய். விலையைக் கூட்டியதால் விற்பனை படுத்துவிடவில்லை. கூலியை அந்த நோட்டில் எழுதுங்கள், உங்கள் எண் எதுவாக இருந்தாலும் சரி, எழுதுங்கள். "சும்மா டிவி பார்த்துக்கிட்டே செய்யறதுதானே" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும்.

எல்லாப் பொருளும் ஒரே விலையில் இருக்கக் கூடாது. 50, 60 ரூபாய்க்கு ஏதாவது வேண்டும், சின்னத் தோடோ சாவிக்கொத்தோ. பையில் கைவிடத் தயங்குகிறவர் அதில்தான் தொடங்குவார். நடுவில் 150 முதல் 250 வரை உள்ளவைதான் உண்மையான வியாபாரம். 1,200 ரூபாயில் ஒரே ஒரு பெரிய ஆரம் செட் வையுங்கள். அது விற்காமலும் போகலாம், தூரத்திலிருந்து ஆளை இழுத்துக்கொண்டு வருகிற வேலை அதனுடையது. அதைப் பார்த்த கண்ணுக்கு 180 பெரிதாகத் தெரியாது.

பேரம். "கடைசியா சொல்லுங்க" என்று கேட்காத ஆள் இல்லை. நான் ஒற்றைப் பொருளில் விலை குறைப்பதில்லை. இன்று ஒருவருக்கு 150 என்றால், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மூவருக்கும் அதுதான் விலை. இரண்டு எடுத்தால் 340 என்பேன். அதைவிட நன்றாக வேலை செய்வது கொசுறு. காய்கறிக்காரர் கறிவேப்பிலை போடுவது போல, வாங்கியதோடு ஒரு பொட்டுத் தோடு சேர்த்துப் போடுகிறேன். எனக்கு அதில் பத்து ரூபாய்தான் செலவு. 20 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் வராத சிரிப்பு அதில் வருகிறது. முதல் போணி மட்டும் விதிவிலக்கு. காலையில் வந்த முதல் ஆளைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசு வராது, பத்து இருபது விட்டுக்கொடுத்துவிடுவேன். மூடநம்பிக்கை என்றாலும் சரி.

எவ்வளவு, எப்போது

தீபாவளிக் கண்காட்சிக்கான சரக்கைத் தீபாவளி மாதத்தில் செய்ய உட்கார்ந்தால் கெட்டீர்கள். களிமண் உள்வரை காய வேண்டும். ஈரம் இருக்கும்போது சூளையில் வைத்தால் உள்ளே நீராவி கட்டி மணி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் உடைக்கும். வெயில் காலத்தில் மூன்று நாளில் காய்வது, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் பத்து நாளானாலும் சில்லென்று இருக்கும். அதனால் நவராத்திரி, தீபாவளி, கார்த்திகைக்கானதை ஆடி ஆவணியிலேயே சுட்டு வைத்துவிடுவேன், வண்ணம் மட்டும் பிறகு. உங்கள் பொருளுக்கும் இப்படி ஒரு மாதக் கணக்கு இருக்கும். மழையில் பனையோலைப் பெட்டி பூசணம் பிடிக்கும், தையல்காரர்களுக்குத் தீபாவளி நேரத்தில் வேலைக்கு ஆள் கிடைக்காது.

எத்தனை கொண்டுபோவது? 80 விற்கும் என்று நினைத்தால் 120 எடுத்துப் போங்கள். ஆனால் 60 டிசைனில் இரண்டு இரண்டாக வேண்டாம். 20 டிசைன், நிறம் மாற்றி ஆறு ஆறு. "இதே மாதிரி பச்சையில் இருக்கா?" என்பதுதான் ஸ்டாலில் அதிகம் கேட்கப்படும் கேள்வி.

மேசை

பெரும்பாலும் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் தருவார்கள். மேசையில் எல்லாவற்றையும் படுக்க வைத்துப் பரப்பாதீர்கள், நாலடி தள்ளி வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. துணிக்கு அடியில் செருப்பு டப்பாக்களைக் கவிழ்த்துப் படி கட்டுங்கள், கொலுப்படி மாதிரி. துணி ஒரே நிறமாக இருக்கட்டும். ஆசைப்பட்டுக் கலம்காரித் துணி விரித்தேன் ஒருமுறை. நகை எது, பூ எது என்று எனக்கே தெரியவில்லை. துணி மேசைக்கு முன்னால் தரைவரை தொங்க வேண்டும், அப்போதுதான் உங்கள் டப்பாவும் டிபன் கேரியரும் மறையும்.

கண்ணாடி இரண்டு, முகம் தெரிகிற உயரத்தில், வாடிக்கையாளரைப் பார்த்தபடி. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசினால் எனக்கு அந்த 129 ஜோடி ஞாபகம் வரும்.

மண்டபத்து டியூப்லைட் எல்லா நிறத்தையும் வெளிறச் செய்யும். கவ்வி மாட்டும் எல்இடி விளக்கு ஒன்று, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கொண்டுபோங்கள். விலைச் சீட்டு ஒவ்வொரு பொருளிலும் இருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறவர்கள் ஏராளம். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் கேட்காமலே போவார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் நுழைவாயில் முதல் ஸ்டாலுக்கு அடித்துக்கொள்ளாதீர்கள். உள்ளே வருகிறவர்கள் "முழுசாப் பாத்துட்டு வரலாம்" என்று வேகமாகக் கடப்பது அந்த இடத்தைத்தான். மூலை திரும்பும் இடம் நல்லது. மேடை ஸ்பீக்கருக்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். பஜ்ஜிக் கடைக்குப் பக்கம் கூட்டம் இருக்கும், எண்ணெய்க் கையும் இருக்கும். துணி விற்கிறவர்கள் தள்ளியே நில்லுங்கள்.

பொருளை எடுத்துப்போக என் வழி, காகித முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு ஜோடி, மேலே செய்தித்தாள், அதன்மேல் அடுத்த அட்டை. மளிகைக் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். கூடவே ஒரு சின்ன டப்பாவில் குறடு, உபரிக் கொக்கிகள், பசை, கத்தரிக்கோல், டேப், ஊக்கு. கொக்கி கழன்ற ஜோடியை அங்கேயே சரிசெய்து கொடுத்தால் அந்த ஆள் உங்களை மறக்க மாட்டார். பிளாஸ்டிக் கேரி பை தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. காகிதப் பையோ சின்ன மஞ்சப்பையோ வைத்துக்கொள்ளுங்கள். பையில் உங்கள் பெயரும் எண்ணும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கட்டும், விசிட்டிங் கார்டைவிட அது நாள்பட இருக்கும்.

அந்த இரண்டு நாள்

திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். சில்லறை 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக ஒரு 1,500 ரூபாய் இருக்கட்டும். எல்லாரும் ஜிபேதான் என்று நினைத்துப் போனால், மண்டபத்தின் தரைத்தளத்தில் சிக்னல் இருக்காது. கியூஆர் அட்டையை இரண்டு இடத்தில் வையுங்கள். பணம் போய்விட்டது என்று வாடிக்கையாளர் போனைக் காட்டினால் சிரித்தபடியே உங்கள் போனிலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சவுண்ட் பாக்ஸ் இருந்தால் இன்னும் நல்லது, அந்தச் சத்தமே அடுத்த ஆளைக் கூப்பிடும்.

உட்கார்ந்து போனைப் பார்க்காதீர்கள். ஆள் வந்ததும் எழுந்து நின்று "வாங்க, எடுத்துப் பாருங்க" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம். அவர்கள் கையில் எடுத்த பிறகு பேசினால் போதும். சுடுமண் என்றாலே கனம் என்று நினைப்பார்கள், அதனால் நான் முதலில் உள்ளங்கையில் வைத்துவிடுவேன். "அட, லேசா இருக்கே" என்று அவர்களே சொன்னால் பாதி விற்றாயிற்று.

கூட்டம் இல்லாத மதியத்தில் பிரஷ்ஷை எடுத்து ஒரு மண் மணிக்கு வண்ணம் தீட்டத் தொடங்குங்கள். சும்மா உட்கார்ந்திருப்பவரின் மேசையைக் கடந்து போகிறவர்கள், வேலை செய்கிற கையைப் பார்த்து நிற்பார்கள். குரோஷே ஊசியும் பனையோலையும் இதற்கு இன்னும் பொருத்தம். "நீங்களே செய்யறதா?" என்ற சந்தேகமும் அத்தோடு தீரும்.

ஒவ்வொரு விற்பனையையும் நோட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள், எந்த டிசைன், எந்த நிறம், எத்தனை மணிக்கு. கேட்டும் இல்லாமல் போனதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். எனக்கு மூன்று கண்காட்சிகளில் அந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வந்த வரி "காது குத்தாதவங்களுக்கு இருக்கா?" என்பது. கிளிப் வைத்த தோடு அப்படித்தான் வந்தது.

சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மாற்று ஆள் இல்லையென்றால் பக்கத்து ஸ்டால்காரரோடு காலையிலேயே பழகிவிடுங்கள். அவருக்கு நீங்கள், உங்களுக்கு அவர். என் இரண்டாவது கண்காட்சியில் பக்கத்தில் முறுக்கு விற்ற அம்மா, நான் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் எனக்கு மூன்று ஜோடி விற்றுக் கொடுத்தார், என்னைவிட 20 ரூபாய் அதிகம் சொல்லி.

மேசையைக் காலி செய்த பிறகு

அன்றிரவே, களைப்பாக இருந்தாலும், பணத்தையும் நோட்டையும் ஒத்துப் பாருங்கள். மறுநாள் மறந்துவிடும். விற்காத டிசைன்களை அடுத்த கண்காட்சிக்கும் ஒருமுறை கொண்டுபோகலாம். அங்கேயும் யாரும் தொடவில்லையென்றால் பிரித்து மணிகளை வேறு கோவையில் போட்டுவிடுங்கள். பிடித்துச் செய்தது என்பதற்காக நான்கு கண்காட்சிக்குத் தூக்கிச் சுமந்த மயில் ஆரம் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது.

இரண்டு மூன்று நாளில் போன் வரத் தொடங்கும். "அன்னிக்கு ஸ்டால்ல பார்த்தேன், வளைகாப்புக்கு 60 ஜோடி ரிட்டர்ன் கிஃப்டுக்கு வேணும், எவ்வளவு குறைப்பீங்க?" ஸ்டாலில் இரண்டு நாள் நின்று பார்த்த வியாபாரத்தை ஒரே அழைப்பில் தருகிற ஆர்டர் இது. உடனே விலை சொல்லாதீர்கள், நோட்டைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டால் செலவான 47 ரூபாய் இந்த ஆர்டரில் இல்லை, குறைப்பதானால் அதிலிருந்து குறையுங்கள், கூலியிலிருந்து அல்ல. ஒரு மாதிரி செய்து காட்டி, நிறத்தை எழுத்தில் உறுதி செய்து, பாதிப் பணம் அட்வான்ஸ் வந்த பிறகு மண்ணைப் பிசையுங்கள். வெயில் காலம் என்றால் பதினைந்து நாள் கேளுங்கள். மழைக்காலம் என்றால் ஒரு மாதம். முடியாது, பத்தே நாளில் வேண்டும் என்றால் முறுக்கு விற்கிற அம்மாவின் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், ரிட்டர்ன் கிஃப்டுக்கு அவரிடமும் பாக்கெட் போடுகிறார்கள்.